இரண்டு கோர்ட்டில் ஒரு வழக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் மகள் கடைசி வாய்ச் சோற்றை விழுங்கிவிட்டு, கையை உதறி, "கலாஸ்!" என்றாள்.

"என்னாது?"

"கலாஸ்ப்பா. முடிஞ்சிடுச்சின்னு அர்த்தம். மாமா சொல்லுவாரு."

மாமா என்பவர் என் மனைவியின் அண்ணன். மஸ்கட்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். ஒரு வார்த்தைக்காக ஒருவனுக்கு வயிறு எரியுமா என்று கேட்டால், எரியும். எனக்கு எரிந்தது. நான் வடித்த சோறு, நான் வைத்த மீன் குழம்பு, என் வீட்டுத் தட்டு. சாப்பிட்டு முடித்ததைச் சொல்கிற வார்த்தை மட்டும் அவருடையது.

விருத்தாசலத்தில் எனக்குப் பீங்கான் சாமான் கடை. ஊறுகாய் ஜாடி, டீ கப்பு, கொலு பொம்மை, உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளையார். செய்வது, சுடுவது எல்லாம் ஊரில் இருக்கிற சூளைக்காரர்கள். நான் வாங்கி விற்கிறவன். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. மிச்சத்தைக் கடைக்கு வருகிறவர்களின் வாயிலிருந்துதான் படித்தேன். யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் அன்றைக்கு வியாபாரம் ஆகாவிட்டாலும் எனக்குக் கவலை இருக்காது.

என் மனைவியும் நன்றாகப் பேசுகிறவள்தான், எப்போதாவது. "கடைய பூட்டிட்டு வரீங்க, வாய பூட்டாம வரீங்க" என்று ஒரு நாள் சொன்னாள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், மறுநாள் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். அது அவள் காதுக்குப் போய் அதுவும் ஒரு சண்டையாயிற்று. அடிதடி கிடையாது, குடி கிடையாது. வீட்டுக்குள் இரண்டு பேர் இருந்தோம், ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு ஏறவில்லை. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லலாம்னு வந்தா, உள்ள போவ எடம் இல்ல" என்று சொல்லிவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு மங்கலம்பேட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கேயே ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகள் என்னிடம் வருவாள். கொண்டுவந்து விடுவதும் மச்சான்தான், சாயங்காலம் வந்து அழைத்துப் போவதும் மச்சான்தான்.

அவர் வயதில் எனக்கு மூத்தவர். அதனால் பொறாமையைக்கூட மரியாதையோடுதான் படவேண்டியிருந்தது. வண்டியை நிறுத்தும்போதே ஒரு சென்ட் வாசனை வரும். அந்த வாசனை என் மகளின் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு என் வீட்டுக்குள் வரும். சாயங்காலம் அவள் போன பிறகும் தலையணையில் இருக்கும். என் மகள் வாசனை என்று நான் முகர்ந்து பார்த்தால் அது மச்சான் வாசனையாக இருக்கும்.

தாய்மாமனுக்கு யாரும் நாள் குறித்துக் கொடுக்கவேண்டியதில்லை. மகளுக்குக் காது குத்தினபோது அவர் ஊரிலேயே இல்லை. மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் மடியில்தான் உட்கார வைத்தோம். அப்படியும் பிள்ளை வீறிட்டபோது, போனில் அவர் முகத்தைக் காட்டித்தான் அழுகையை நிறுத்தினார்கள். அந்த நேரம் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவன் நான். வீடியோவில் என் தோள் மட்டும் தெரிகிறது.

இனிமேல் சேர்ந்து வாழ்வது இல்லை என்பதில் எனக்கும் அவளுக்கும் சண்டை இல்லை. அதற்காக இரண்டு பேருமே போய் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அவருடைய ஆபீஸ். ஒரு வருடத்துக்கு மேல் தனித்தனியாக இருந்தவர்கள், இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால், சேர்ந்தே மனு போடலாம் என்றார். மனு போட்ட பிறகும் யோசிக்க ஆறு மாதம் தருவார்கள், அதற்கப்புறம் திரும்பப் போய் சம்மதம் சொல்லவேண்டும், தீர்ப்பு வருகிறவரைக்கும் யார் வேண்டுமானாலும் மனசு மாறிக்கொள்ளலாம் என்றார். மகள் அம்மாவிடம் இருப்பது, நான் வந்து பார்ப்பது, அவள் செலவுக்கு நான் மாதாமாதம் கட்டுவது எல்லாவற்றையும் அந்த மனுவிலேயே எழுதிவிடலாம்.

"எனக்கு எதுவும் வேணாங்கம்மா. புள்ளைக்கும் வேணாம். எங்கண்ணன் பாத்துக்கும்" என்றாள் என் மனைவி.

எனக்குச் சுருக்கென்றது. வக்கீலம்மா தலையை ஆட்டினார். "உங்களுக்கு வேணாம்னு நீங்க சொல்லலாம். புள்ளைக்கு வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இல்ல. அது அவளோடது. அப்பா குடுத்துதான் ஆவணும்."

அந்த நிமிஷம் அந்தம்மாவைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. கொடுத்துதான் ஆகவேண்டும் என்றதற்கு ஒருவன் சந்தோஷப்பட்டதை அவர் அதற்கு முன்னால் பார்த்திருக்கமாட்டார்.

ஆனால் அன்றைக்கு நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு நாள் கழித்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது, கடைக்கார அண்ணன் ஆற்றிய டீயை நீட்டிக்கொண்டே கேட்டார்: "புள்ளைக்கு வயசு எட்டு ஆவுதில்ல? அஞ்சு தாண்டிட்டா சட்டப்படி புள்ள அப்பனுக்குதாம்பா. நீ ஏன் கையெழுத்து போட்டு தாரை வாக்கற?"

அன்று மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு மாடி ஏறினேன், தனியாக.

"அஞ்சு வயசுக்குக் கீழ இருந்தா சாதாரணமா அம்மாகிட்ட இருக்கணும்னு சட்டம் சொல்லுது" என்றார் வக்கீலம்மா. "அஞ்சு முடிஞ்ச மறுநாளு அப்பாவுக்குப் பார்சல் கட்டுன்னு எங்கயும் சொல்லல."

"கார்டியன் அப்பாதானேங்கம்மா?"

"கார்டியன்ங்கறது வேற, புள்ள யாருகிட்ட வளரணும்ங்கறது வேற. ஜட்ஜு அப்பனுக்கா ஆயிக்கான்னு பாக்க மாட்டாரு. புள்ளைக்கு எது நல்லதோ அதத்தான் பாப்பாரு."

"அங்க மாமன் வூட்ல வளர்றது நல்லதாங்கம்மா?"

"ஏன், மாமன் குடிக்கிறாரா?"

"இல்லீங்க."

"அடிக்கிறாரா?"

"சேச்சே."

"பின்ன என்னா பண்றாரு?"

"ரொம்ப நல்லா பாத்துக்கறாருங்க."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "அதுக்கு எதிரா சட்டத்துல பிரிவு இல்லீங்க சார்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிப்பு வந்தாலும் எரிச்சல் போகவில்லை. வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். போடலாம், அது உங்கள் உரிமை, ஆனால் நான் உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினவள், நீங்கள் வேறு வக்கீலைத்தான் பார்க்கவேண்டும் என்றார். அப்புறம் சொன்னார்: "வெவரம் தெரிஞ்ச புள்ள. ஜட்ஜு தன் ரூமுக்குக் கூப்பிட்டு அவகிட்டயே கேக்கலாம். நீங்களும் இருக்க மாட்டீங்க, அவங்க அம்மாவும் இருக்க மாட்டாங்க. யாருகிட்ட இருக்க ஆசப்படறம்மான்னு கேப்பாரு."

என்னைப் பயமுறுத்தத்தான் அதைச் சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்கோ ஆசை பிறந்துவிட்டது. அம்மா இல்லாத, மாமன் இல்லாத, சென்ட் வாசனை இல்லாத ஓர் அறையில் ஒரு பெரிய மனிதர் கேட்கிறார். என் மகள் சொல்கிறாள்: அப்பாகிட்ட. மாடிப்படி இறங்கும்போதே என் காதில் அது விழுந்துவிட்டது. அவள் அப்படிச் சொன்னாள் என்று ஒரு கோர்ட்டு எழுதி வைக்கவேண்டும், அதை மச்சான் படிக்கவேண்டும். அவ்வளவுதான் நான் வேண்டியது. வேறு ஒரு வக்கீலின் நம்பரை வாங்கிப் போனில் பதிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மகளிடம் சுற்றிவளைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா வெக்கிற மீன் கொழம்பு நல்லா இருக்குதா, மாமா வூட்டு கொழம்பு நல்லா இருக்குதா?"

"அது வேற மீனு, இது வேற மீனுப்பா" என்பாள்.

"இந்த வூடு புடிச்சிருக்குதா, அந்த வூடா?"

"அங்க மாடி இருக்குது. இங்க பொம்ம இருக்குது."

எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

என்னிடம் மச்சானுக்கு இல்லாத ஒன்று இருந்தது என்றால் அது கடைதான். எங்கள் ஊரில் பீங்கான் வாங்குகிறவர்கள் விரலை மடக்கித் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். நல்ல கப்பு கணீரென்று சொல்லும். கண்ணுக்குத் தெரியாத கீறல் விட்டிருந்தால் தொண்டை கட்டினமாதிரி ஒரு சத்தம். மகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். என்னைவிட அவளுக்குக் காது கூர்மை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அழைத்துப்போக வந்த மச்சான், வழக்கம்போல வாசலிலேயே நிற்காமல் கடைக்குள் வந்துவிட்டார்.

"மாமா, இங்க வாங்க, இத தட்டிப் பாருங்க. ம்ம், அப்படி இல்ல, வெரல மடக்குங்க" என்று அவர் விரலைப் பிடித்து மடக்கிக் கொடுத்தாள். அவர் தட்டினார். கணீரென்றது. இரண்டு பேரும் ஒரே மாதிரி தலையைச் சாய்த்துச் சிரித்தார்கள். நான் சொல்லிக்கொடுத்ததை என் கண் முன்னாலேயே அவருக்குக் கொடுத்துவிட்டாள். கையில் இருந்த ஜாடியை உடைந்துவிடுகிற மாதிரி வைத்தேன்.

"மாப்ள, உங்ககிட்ட ஒரு சேதி பேசணும்" என்றார் மச்சான். "நான் ஊருக்கு வந்த புதுசுல மணவாளநல்லூர்ல உங்க மேல ஒரு பிராது கட்டிட்டேன்."

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். மணவாளநல்லூர் முருகன் கோயிலில் மனுவை எழுதிக் கொடுப்பார்கள். காணாமல்போன மாடு, ஏமாற்றின கூட்டாளி, பேசாமல் இருக்கிற பிள்ளை எதுவானாலும் பேர், ஊர் எல்லாம் போட்டு எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, வேலில் கட்டிவிட்டு வரவேண்டும். அதுதான் பிராது. சாமி விசாரித்துத் தீர்ப்பார். தீர்ந்துவிட்டால், அல்லது இரண்டு தரப்பும் சமாதானமாகப் போய்விட்டால், திரும்பப் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்து எடுத்துவிடவேண்டும். எடுக்காமல் விட்டால் வழக்கு நிலுவையில் நிற்கும்.

"என்னான்னு எழுதுனீங்க மச்சான்?"

"தங்கச்சிக்கு நாயம் கெடைக்கணும்னுதான். உங்க பேரு, கட பேரு, தெரு எல்லாம் போட்டு."

"சாமிக்கு என் அட்ரஸ் தெரியாதா?"

"வெவரமா போடணும்ல மாப்ள. வேற யாரு தலையிலயாவது போயி விடிஞ்சிட்டா?" என்றார் நிஜமான கவலையோடு. "இப்ப நீங்க ரெண்டு பேரும் சேந்து கோர்ட்ல மனு போடப் போறீங்க. ஒரே கேஸு ரெண்டு எடத்துல ஓடக் கூடாது. மொதல்ல அத எடுத்துடலாம். எல்லாரும் போவலாம், பாப்பாவும் வரட்டும்."

நான் வேறு வழக்குப் போடப்போவதை மனைவிக்கு மட்டும் போனில் சொல்லியிருந்தேன். அவள் அண்ணனிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. எடுக்கவேண்டாம், வழக்கு இன்னும் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் சொன்ன நாள் வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. ஞாயிறு இல்லாத ஒரு நாளில் என் மகளைப் பார்க்கலாம். சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் மனைவியும் மகளும் மங்கலம்பேட்டை பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். மச்சான் பின்னாலேயே வண்டியில் வந்து நின்றார்.

"பாப்பா, கோயிலுக்கு வண்டில மாமா கூட வரியா, டவுன் பஸ்ஸுல வரியா?" என்று கேட்டார்.

"பஸ்ஸு."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மச்சான் முகம் லேசாக விழுந்ததை நான் பார்த்தேன். வேண்டுமென்றே நன்றாகப் பார்த்தேன். அன்றைக்கு அந்த டவுன் பஸ் எனக்குத் தேர் மாதிரி இருந்தது. அவளுக்கு அடுத்து நான் உட்காரலாம் என்று ஏறினால், அவள் அதற்குள் ஒரு பாட்டியம்மா பக்கத்தில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். மனைவி முன்னால், நான் பின்னால். மூன்று பேருக்கும் நான்தான் டிக்கெட் எடுத்தேன். மனைவி திரும்பிப் பார்த்து, "ஏன், எங்கிட்ட இல்லியா?" என்றாள். "இருக்கட்டும்" என்றேன். இன்று ஒரு நாளாவது மச்சான் இல்லாமல் என் செலவில் போகட்டும் என்று இருந்தது.

கோயிலில் மனு எழுதுகிற இடத்தில் கூட்டம். எங்கள் முறை வந்ததும் எழுதுகிறவர் மச்சானிடம் விவரம் கேட்டார். ராஜினாமா என்றதும் அவருக்குச் சந்தோஷம். எங்கள் நான்கு பேரையும் பார்த்தார்.

"சேந்துட்டாங்களா?"

"இல்லீங்க, பிரியறதுன்னு முடிவாயிடிச்சி" என்றார் மச்சான்.

"பிரியறதுக்கா இவ்ளோ பேரு சேந்து வந்திருக்கீங்க?" என்று எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். வேறு நேரமாக இருந்தால் அந்த வார்த்தையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டியிருப்பேன். அவர் சும்மா இருக்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மகளிடம் குனிந்து, வாஞ்சையாகத்தான் கேட்டார்: "பாப்பா யாரு கூட வந்திருக்குது? அம்மா கூடவா, அப்பா கூடவா, மாமா கூடவா?"

அவள் மேஜையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். மூன்று பேரையும் ஒரே அளவு பார்த்தாள்.

"பஸ்ஸுல வந்தேன்" என்றாள்.

எழுதுகிறவர் சிரித்தார். மச்சான் எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தார். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அவள் சிரிக்கவில்லை. சொன்ன பதில் போதுமா, இன்னும் ஏதாவது கேட்பார்களா என்று எழுதுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் வேர்த்திருந்தது. அது வேற மீனு, இது வேற மீனு. அங்க மாடி, இங்க பொம்ம. சாமர்த்தியம் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். அவள் ஒவ்வொரு ஞாயிறும் என் வீட்டில் உட்கார்ந்து பரீட்சை எழுதியிருக்கிறாள். பஸ்ஸில் ஏறியதுகூட என்னோடு வருவதற்காக இல்லை. வண்டியில் ஏறினால் மாமா கூட வந்தேன் என்று ஆகிவிடும், அவ்வளவுதான். இந்தப் பிள்ளையைத்தான் ஓர் அறைக்குள் தனியாக அனுப்பி, ஒரு ஜட்ஜு முன்னால் உட்காரவைத்து, ஒரு பெயர் சொல்ல வைக்கலாம் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மச்சான் ராஜினாமாவைக் கொடுக்க உள்ளே போனார். மகள் அவர் பின்னாலேயே போய்விட்டாள். பிரகாரத்தில் நானும் மனைவியும் மட்டும் நின்றோம்.

"வக்கீலம்மாகிட்ட சொல்லிடறேன். சேந்தே மனு போட்டுடலாம்" என்றேன்.

"வேற வக்கீலு பாத்திருக்கேன்னீங்க?"

"பாக்கல. அவகிட்ட யாரும் போயி கேக்க வேணாம்."

"என்னாத்த கேக்க வேணாம்?"

"எதையும்."

நான் மேலே ஏதாவது பேசுவேன் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. அப்புறம், "ஞாயித்துக்கெழம மட்டும் பத்தாது உங்களுக்கு. சனிக்கெழமயும் எழுதிக்குங்க" என்றாள்.

அப்படித்தான் எழுதினோம். பள்ளிக்கூட நாள் அம்மாவிடம். சனி, ஞாயிறு என்னிடம். பரீட்சை லீவில் பாதி. மகள் பேரில் மாதாமாதம் நான் கட்டுவது. கையெழுத்துப் போடுகிற அன்று வக்கீலம்மா இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "பணம் கட்டறது புள்ளயப் பாக்கறதுக்கு டிக்கெட் இல்ல. அவங்க பாக்க வுடலன்னாலும் நீங்க கட்டணும். இவரு கட்டலன்னாலும் நீங்க பாக்க வுடணும். அதுக்கு இது பதில் கெடையாது. புள்ள வளர வளர ஒத்து வரலன்னா வந்து மாத்தச் சொல்லிக் கேக்கலாம். கல்வெட்டு இல்ல இது." ஆறு மாதம் கழித்து ஜட்ஜு எங்களிடம் மட்டும் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றோம். என் மகள் அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

வழக்கு முடிந்தால் எரிச்சலும் முடியும் என்று நினைத்திருந்தேன். அது முடியவில்லை. போன சனிக்கிழமை மகள் கடையில், ஜாடிகளைச் சுற்றிக் கட்டுகிற வைக்கோல் கட்டின் மேல் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு சைக்கிள் கதை சொன்னாள். அவளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுக்கவேண்டும் என்று பெரியார் நகர் பக்கம் ஒரு காலி மனையைக்கூட நான் பார்த்து வைத்திருந்தேன். வாடகை சைக்கிளுக்கும் சொல்லி வைத்திருந்தேன். மச்சான் புதன்கிழமையே கற்றுக்கொடுத்துவிட்டார்.

"மாமா பின்னாடி புடிச்சிக்கிட்டே ஓடியாந்தாருப்பா. நான் வுட்றாதீங்க மாமா, வுட்றாதீங்க மாமான்னு கத்தறேன்."

என் நாக்கு நுனியில் ஆயிரம் வார்த்தை இருந்தது. பிரேக் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாரா? அப்பா வரட்டும் என்று ஏன் சொல்லவில்லை? ஒரு ஜாடியை எடுத்து வைக்கோலை இறுக்கிச் சுற்றினேன். இன்னொரு சுற்று சுற்றினேன்.

"அப்பா, கேக்கறீங்களா இல்லியா?"

"கேக்கறேன். சொல்லு."

"எங்க வுட்டேன்?"

"வுட்றாதீங்க மாமான்னு கத்துன."

"ஆங், கத்துறேன், திரும்பிப் பாக்கறேன், அவரு எப்பவோ கைய வுட்டுட்டு அங்க தூரத்துல நிக்கறாரு!" என்று கைகொட்டிச் சிரித்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. யாரையும் பார்த்து அளக்காத முகம். வயிற்றில் எரிந்துகொண்டேதான் இருந்தது. "அப்புறம்?" என்றேன்.